இசைத்தட்டில் ஏறிய மண்பானை



இசைத்தட்டுகள் இரு வகைப்படும். ஒன்று, ஒலிப்பதிவுக் கூடத்தில் கதவை அடைத்துக்கொண்டு பதிவு செய்வது. வாசிப்பவர் இடறினால் நிறுத்தலாம், மறுபடியும் வாசிக்கலாம், நல்ல பகுதிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றொன்று, மக்கள் கூடியிருக்கும் மேடையிலேயே பதிவு செய்வது. அங்கே இடறினால் இடறியதுதான். முன்னது வீட்டுப்பாடம் என்றால், பின்னது தேர்வு மண்டபம்.

மின்கிட்டாரும் முரசுகளும் அதிர வாசிக்கும் மேல்நாட்டு ராக் குழுக்களுக்கு இந்தத் தேர்வே உரைகல். அவ்விசையின் முன்னோடிகளில் ஒன்றான டீப் பர்ப்பிள் என்னும் ஆங்கிலக் குழு, 1972 ஆகஸ்டு 15, 16 ஆகிய நாள்களில் ஒசாகாவிலும் 17-இல் தோக்கியோவிலும் வாசித்தது. அம்மூன்று இரவுகளின் பதிவே 'மேட் இன் ஜப்பான்'. ஜப்பானியர் கேட்டதற்காக உருவான அத்தட்டு உலகெங்கும் பரவிற்று.

அதே காலத்தில் மின்கிட்டாரில் பெயர் பெற்ற மற்றோர் ஆங்கிலேயர் ஜான் மெக்லாலின். 1971-இல் அவர் அமைத்த மகாவிஷ்ணு குழுவின் முழக்கம் அரங்குகளை அதிர வைத்தது. அப்படிப்பட்டவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மாணவராக அமர்ந்து வீணை பயின்றார். பிறகு மின்சாரம் இல்லாத மரக் கிட்டாரைக் கையிலெடுத்து, நம்மவரோடு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அக்குழுவின் பெயர் 'சக்தி'. இளமையை யாழ்ப்பாணத்தில் கழித்த எல். சங்கர் வயலின், ராம்நாடு இராகவன் மிருதங்கம், சாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம்.

அவர்களின் முதல் இசைத்தட்டே மேடைப் பதிவுதான். 1975 ஜூலை 5-இல், நியூயார்க் மாநிலத்தின் சௌதாம்ப்டன் கல்லூரியில் வாசித்தது, 1976-இல் வெளிவந்தது. மொத்தம் மூன்றே உருப்படிகள். கடைசி உருப்படி மட்டும் ஏறக்குறைய 29 நிமிடம்!

கடம் என்பது என்ன? மண்பானை. தமிழ்நாட்டில் மானாமதுரைக் கடத்துக்குப் பெயர் உண்டு. களிமண்ணைப் பதப்படுத்தி, வனைந்து, தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்கிச் சூளையில் சுடுவார்கள். தண்ணீர்ப் பானையைவிடக் கனமாக இருக்கும். சுருதியைத் தந்திபோல முறுக்கி மாற்ற முடியாது. வேறு சுருதி வேண்டுமானால் வேறு கடம் எடுக்க வேண்டும். 1966-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்கள் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோதும் விநாயக்ராமின் கடமே உடன் ஒலித்தது.

மின்கிட்டாரை எதிர்பார்த்தவர்கள் பலர் சக்தியைக் கண்டு திகைத்தார்கள். மூன்று தட்டுகளுக்குப் பின் 1978-இல் குழு கலைந்தது. ஆனால் விதை மடியவில்லை. மீண்டும் கூடிய சக்தி குழு 2024-இல் கிராமி விருது பெற்றது. அப்போது குழுவில் தாளம் வாசித்தவர்களுள் ஒருவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ்.

இதை ஏன் சொல்கிறோம்? நாங்கள் செய்த தவறொன்றை ஒப்புக்கொள்ளத்தான்.

போர்ட் கிள்ளான் பக்கத்தில் ஒரு பள்ளி. பரிசளிப்பு விழாவுக்கு ஒரு மாணவன் உறுமி கொண்டுவந்தான். "இரைச்சல் வேண்டாம் தம்பி, கீபோர்டு வாசிக்கிற பிள்ளை இருக்கிறான்" என்று திருப்பி அனுப்பினோம். மறுநாள் அவன் தகப்பனார் வந்தார். பால் வெட்டிய கை. இப்போது துறைமுகத்தில் வேலை. சண்டை போடவில்லை. "வாத்தியாரய்யா, அது எங்கப்பா காப்பார் தோட்டத்துல அடிச்ச உறுமி. அவரு போயிட்டாரு, தோட்டமும் போயிடுச்சு. இதுதான் மிச்சம்" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு அந்தச் சக்தி இசைத்தட்டைக் கேட்டபோதுதான் உறைத்தது. மேல்நாட்டுக் கிட்டார்க்காரர் நம் பானைக்குப் பக்கத்தில் உட்காரத் தவம் கிடந்தார். நாங்களோ நம் பிள்ளையின் தோற்கருவியை வாசலோடு அனுப்பினோம். அடுத்த ஆண்டு அந்த உறுமி எங்கள் மேடையில் முழங்கியது. கீபோர்டும் கூடவே வாசித்தது.

பெற்றோர்களே, பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வாசலில் பாடிய தாலாட்டும், திருவிழாவில் அடித்த உறுமியும், தப்பும் அவற்றை அறிந்த பெரியவர்களோடு மறைந்துபோகும். உங்கள் கைத்தொலைபேசியிலேயே பதிவுக் கருவி இருக்கிறது. பாட்டியைப் பாடச் சொல்லுங்கள். தாத்தாவை அடிக்கச் சொல்லுங்கள். முதலில் அவர் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி ஆகியவற்றைச் சொல்லிப் பதியுங்கள். இடையில் சேவல் கூவினாலும், குழந்தை அழுதாலும் நிறுத்தாதீர்கள். அதுவும் மேடைப் பதிவுதான்.

பிள்ளைகளே, மின்கிட்டார் பழக ஆசையா? தாராளமாகப் பழகுங்கள். வீட்டில் தொங்கும் உறுமியையும் ஒருநாள் இறக்கித் துடைத்துப் பாருங்கள்.