கட்டி முடித்தால் போதாது, சோதித்துப் பொறுப்பேற்க வேண்டும்

(அறவாரியத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பக்தி நெறியைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுள்ள பெரியவர்கள் இந்த அவையில் பலர் உண்டு. நான் கட்டடங்களின் மின்சார, இயந்திர வேலைகளில் காலம் கழித்த ஒரு பொறியாளன். ஆகையால் எனக்குத் தெரிந்த ஒரு செய்தியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். அறப்பணத்தில் எழும் கட்டடம் சரியாக இயங்குகிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே நாம் அதைப் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் அந்தச் செய்தி.

ஒரு காலத்தில் நமக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் குடியிருந்த லயத்து வீடுகள் தோட்ட நிர்வாகத்திற்குச் சொந்தம். தண்ணீர்க் குழாய் உடைந்தாலும், விளக்கு எரியாவிட்டாலும் ஆபீசில் போய்ச் சொல்வார்கள். கிராணியார் எழுதிக்கொள்வார். ஆலையிலிருந்து ஆள் வரும் நாளில் வரும். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. மக்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் போன்ற ஊர்களின் தாமான்களில் குடியேறினார்கள். இன்று கோயில் நமது, மண்டபம் நமது, பாலர் பள்ளி நமது. 2001ஆம் ஆண்டில் சுங்கைப்பட்டாணியில் தொடங்கிப் பின்னர் செமிலிங்கில் சொந்த வளாகம் கண்ட எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வரை நம் சமுதாயம் முன்னின்று எழுப்பிய கட்டடங்கள் பல. நாம் உரிமையாளர்களாகிவிட்டோம். ஆனால் உரிமையாளர் செய்ய வேண்டிய வேலையைக் கற்றுக்கொண்டோமா என்பதே என் கேள்வி.

அந்த வேலைக்குப் பொறியாளர்கள் 'கமிஷனிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இயக்கிப் பார்த்துப் பொறுப்பேற்றல் என்று தமிழில் சொல்லலாம். இந்தச் சொல் கப்பல் துறையிலிருந்து வந்தது. புதிய கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்த்து, எஞ்சின், சுக்கான், இறைப்பான் எல்லாம் சொன்னபடி வேலை செய்கின்றனவா என்று கண்ட பிறகே பணியில் சேர்ப்பார்கள். கடாரம் என்ற பெயரோடு கடல் வாணிகத்தில் புகழ்பெற்ற மண்ணில் நிற்கும் நமக்கு இது புதிய செய்தி அன்று.

நம் ஆகம மரபும் இதே ஒழுங்கைத்தான் காட்டுகிறது. கோயில் கட்டி முடிந்த மறுநாளே கதவைத் திறந்துவிடுகிறோமா? யாகசாலை பூஜைகள் பல காலங்களாக நடக்கின்றன. அஷ்டபந்தனம் சாத்தப்படுகிறது. கும்பாபிஷேகம் முடிந்தும் 48 நாள் மண்டலாபிஷேகம் உண்டு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து மீண்டும் கும்பாபிஷேகம் நடத்துகிறோம். மெர்போக்கில் உள்ள சண்டி புக்கிட் பத்து பஹாட் கோயிலை 1959-60ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லாம்ப் அகழ்ந்து ஆராய்ந்தபோது, அங்கே புதைத்து வைக்கப்பட்டிருந்த கற்பேழைகள் கிடைத்தன. அடித்தளத்தில் செய்ய வேண்டிய சடங்கைக் கூரை போட்ட பிறகு செய்ய முடியாது. சடங்கும் பொறியியலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் அதற்குரிய கட்டத்தில் செய்து, சாட்சியோடு நிறைவேற்ற வேண்டும் என்ற ஒழுங்கு இரண்டுக்கும் பொது.

"எங்களிடம் சான்றிதழ் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். முன்பு நாம் சி.எப். என்று அழைத்த சான்றிதழை ஊராட்சி மன்றம் கொடுத்தது. 2007 ஏப்ரல் 12 முதல் அதன் இடத்தில் சி.சி.சி. வந்தது. திட்ட வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ பொறியாளரோ அதில் கையொப்பமிடுகிறார். அடித்தளம் முதல் கூரை வரை ஒவ்வொரு கட்டத்திற்கும் தனிப் படிவம் உண்டு, மொத்தம் 21. இது நல்ல ஏற்பாடு, அவசியமானதும்கூட. ஆனால் அந்தச் சான்றிதழ் சொல்வது, கட்டடம் சட்டப்படியும் வரைபடப்படியும் குடிபுகத் தக்கதாக இருக்கிறது என்பதையே. 500 பேர் பந்தியில் அமரும் நாளில் மண்டபம் புழுங்காமல் இருக்குமா, ஒரே நேரத்தில் எல்லாக் குழாய்களையும் திறந்தால் மாடிக்குத் தண்ணீர் ஏறுமா என்பதை அது சொல்லாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கெடாவின் ஒரு நகரில் புதிய கல்யாண மண்டபம் திறந்து முதல் திருமணம் நடந்தது. சமையற்கட்டில் அடுப்பு மூட்டியதும் புகை முழுவதும் மணமேடைக்கு வந்துவிட்டது. என்னை அழைத்துக் காட்டினார்கள். புகையை வெளியேற்ற வேண்டிய பெரிய சுவர் விசிறி எதிர்த்திசையில் சுழன்று, வெளிக்காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. திரீ பேஸ் மின்சாரத்தில் இரண்டு கம்பிகள் இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தக் கம்பிகளை மாற்றப் பத்து நிமிடம் போதும். ஒரு தாளை விசிறியின் முன் பிடித்திருந்தால், அது ஒட்டுகிறதா பறக்கிறதா என்று எந்தச் சிறுவனும் முன்பே சொல்லியிருப்பான். விசிறி வாங்கியதற்கு ரசீது இருந்தது. பொருத்தியதற்கு ரசீது இருந்தது. இயக்கிப் பார்த்ததற்கு ஒரு வரிக் குறிப்பும் இல்லை.

பெரிய கட்டடங்களும் இதற்கு விலக்கல்ல. ஜோகூர் பாருவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை 2004ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய சில மாதங்களிலேயே பூஞ்சைத் தொல்லையால் சேவைகளை நிறுத்த நேர்ந்ததை நாம் செய்தித்தாள்களில் படித்தோம். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். குளிரூட்டி காற்றைக் குளிர வைத்தால் மட்டும் போதாது. ஈரத்தையும் இறக்க வேண்டும். குளிர்ந்த குழாயின் உறையில் ஓர் இடைவெளி இருந்தாலும் அங்கே நீர் கோத்து, மேற்கூரைப் பலகையில் பூஞ்சை பிடிக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். சோதனைக் கருவி மட்டுமே உண்மையைச் சொல்லும்.

சோதனைக்கு ஆகும் செலவை யார் தருவது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடம் 2009ஆம் ஆண்டில் 643 கட்டடங்களின் கணக்கை ஆராய்ந்தது. புதிய கட்டடங்களில் இதற்கான செலவு கட்டுமானச் செலவில் ஏறத்தாழ 0.4 விழுக்காடு, மிச்சமான எரிசக்தி 13 விழுக்காடு. பழைய கட்டடங்களில் மிச்சம் 16 விழுக்காடு. அவை பெரும்பாலும் பெரிய கட்டடங்கள். நம்முடையவை போன்ற சிறியவற்றில் விகிதம் கூடத்தான் செய்யும். ஒரு விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். 10 லட்சம் வெள்ளி மண்டபத்திற்கு 10,000 வெள்ளி. வாசல் வளைவுக்கு நாம் செலவிடுவதை நினைத்தால் இது பெரிய தொகை அன்று.

செய்ய வேண்டியவை என்ன? முதலாவது, வரைபடம் போடுவதற்கு முன்பே நம் தேவையை எழுத்தில் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் அமர்வார்கள், அன்னதானத்திற்கு எத்தனை அடுப்பு, தைப்பூசத்தன்று எத்தனை பேர் கழிவறையைப் பயன்படுத்துவார்கள், சக்கர நாற்காலியில் வரும் முதியவர் எந்த வழியாக வருவார் என்று எழுத வேண்டும். எழுதாத தேவையைச் சோதிக்க முடியாது.

இரண்டாவது, சோதிப்பவர் குத்தகையாளரின் ஆளாக இருக்கக் கூடாது. பரீட்சை எழுதிய மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவது முறையன்று. இதில் யாரையும் அவமதிப்பது இல்லை. நல்ல குத்தகையாளர் சோதனையை விரும்பவே செய்வார். அவர் வேலைக்கு அதுவே சாட்சி.

மூன்றாவது, தனித்தனியாகப் பார்த்தால் போதாது. எல்லாவற்றையும் சேர்த்து இயக்க வேண்டும். எல்லா விளக்கும் விசிறியும் குளிரூட்டியும் நீரிறைப்பானும் இரண்டு மணி நேரம் ஒன்றாக ஓடட்டும். பிறகு மின்சாரத்தைத் துண்டியுங்கள். அவசர விளக்கு எரிகிறதா, வெளியேறும் கதவு பூட்டில்லாமல் திறக்கிறதா, தீயணைப்புக் குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறதா என்று பாருங்கள்.

ஆலயங்களுக்கு இங்கே ஒரு தனிக் கவனம் வேண்டும். அபிஷேகத் தண்ணீரும், வெறுங்காலும், அலங்கார விளக்கு வயரும் ஒரே இடத்தில் சேர்வது நம் கோயில்களில்தான். தரை ஈரமாக இருக்கும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் கூறுகின்றன. நாம் இ.எல்.சி.பி. என்று சொல்கிறோமே, அந்த வகைக் கருவிதான். அதன் பொத்தானை அழுத்தினால் விழுகிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. எவ்வளவு கசிவில், எவ்வளவு விரைவில் விழுகிறது என்று கருவி வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். இது மின்கட்டணம் மிச்சமாகும் விஷயம் அல்ல. அர்ச்சகரின் உயிர், பால்குடம் ஏந்தி வரும் தாயின் உயிர்.

நான்காவது, கட்டடத்தின் காகிதங்கள். கட்டி முடித்தபடியான வரைபடம், இயந்திரக் கையேடு, சோதனை அளவுகள் எல்லாம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். முன்னாள் செயலாளர் வீட்டு அலமாரியில் அல்ல. செயலவை மாறும், கட்டடம் மாறாது. பராமரிக்கும் ஊழியரை நேரில் நிறுத்தி, எந்த வால்வை எப்போது மூடுவது என்று கற்றுக்கொடுத்த பிறகே சாவியை வாங்க வேண்டும்.

ஐந்தாவது, பத்தாம் மாதப் பரிசோதனை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் குறைகளைக் குத்தகையாளர் தம் செலவில் சரிசெய்து தரும் காலம் 12 மாதம். அதுவரை நாம் பிடித்து வைக்கும் தொகையும் உண்டு. கெடாவில் தை மாதம் வறண்ட காலம். தைப்பூசத்தின்போது ஒப்படைத்த கூரை, ஒரு துளி மழையும் காணாமல் தேர்வில் வென்றதாகிவிடும். புரட்டாசி, ஐப்பசி மழைதான் அதன் உண்மையான தேர்வாளர். ஆகவே தீபாவளி மழைக்குப் பிறகு, 12 மாதம் முடிவதற்குள், கூரை முதல் சாக்கடை வரை ஒருமுறை பார்த்துப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பதின்மூன்றாம் மாதத்தில் கண்ட ஒழுக்கலுக்குப் பெரும்பாலும் பக்தர்கள்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

நான் கண்டவரை, நம் கட்டடங்களில் சோதனை தவறிப்போவதற்குப் பெரிய காரணம் பணமும் அல்ல, அறியாமையும் அல்ல. திறப்பு விழாத் தேதி. முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, பிரமுகர்களை அழைத்தாகிவிட்டது, பத்திரிகை அச்சாகிவிட்டது. வேலை தாமதமானால் கடைசியில் இருக்கும் சோதனைதான் பலியாகிறது. ஆகையால் இந்த அவைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வேலை முடியும் நாளுக்கும் திறப்பு நாளுக்கும் இடையே ஒரு மண்டலம், 48 நாள், விட்டு வையுங்கள். அந்த 48 நாளும் சோதனைக்கும் திருத்தத்திற்கும் மட்டுமே உரியவை என்று தீர்மானம் எழுதுங்கள். நாள் குறிக்கும் ஐயரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

நன்கொடையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்வெட்டில் பெயர் பொறிக்கும்போது தூணுக்கு ஒருவர், விமானத்திற்கு ஒருவர் என்று கொடுக்கிறீர்கள். சோதனைச் செலவை ஏற்க இதுவரை ஒருவரும் முன்வந்து நான் கண்டதில்லை, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. பால்மரம் சீவிச் சேர்த்த காசிலும், ஆலையில் இரவு வேலை பார்த்த சம்பளத்திலும் கொடுத்த பணம் இது. "என் பணத்தில் வாங்கியது வேலை செய்கிறதா? அளந்த தாளைக் காட்டுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. அது நிர்வாகத்தின் மீது சந்தேகப்படுவது ஆகாது. அந்தத் தாளைக் காட்ட முடிந்த நிர்வாகத்திற்கு அடுத்த நன்கொடை தானே வந்து சேரும்.

இனி எழும் நம் ஆலயங்களும் மண்டபங்களும் பள்ளிகளும் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பழுதின்றிப் பயன்தர எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்குமாக என வேண்டுகிறேன்.