எந்த நோய்க்கு எந்த வைத்தியசாலை?

பெரிய நகரமொன்றிலுள்ள போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவைக் காலை வேளையிற் சென்று பாருங்கள். இரு நாட் தடிமனுடன் வந்த சிறுவனும், நீரிழிவுக்கு மாதந்தோறும் மாத்திரை பெறும் முதியவரும், சில வாரங்களாக உணவு விழுங்க முடியாது மெலிந்துபோன ஒருவரும் ஒரே வரிசையில் நிற்பர். முதலிருவருக்கும் வேண்டியதை ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலையே கொடுக்கலாம். மூன்றாமவருக்கு வேண்டியது வைத்தியர் ஆறுதலாகக் கேட்டறியும் நேரம். அந்த நேரமே வரிசையின் நீளத்தாற் களவு போகின்றது.

அரசாங்க வைத்தியசாலைகளில் 1951ஆம் ஆண்டிற் கட்டணம் நீக்கப்பட்டது. எவரும் எந்த வாயிலிலும் நுழையலாம். ஊர் வைத்தியரின் கடிதம் வேண்டியதில்லை. ஏழைக்குக் கிடைத்த இவ்வுரிமையைப் பறிக்கவேண்டும் என்று நான் சொல்லேன். மக்கள் அறியாமையால் நகரத்துக்கு ஓடுகின்றனர் என்பதும் முழு உண்மையன்று. ஒருநாள் மருந்தில்லை, மறுநாள் இரத்தம் சோதிக்க வசதியில்லை என்று இருமுறை திரும்பியவர், மூன்றாம் முறை விடியற்காலை பஸ் ஏறுவது நியாயந்தானே?

ஆயினும், படிமுறை ஒழுங்கு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கியது முதல், கிராமத்து மருத்துவமாது வீடு தேடிச் சென்று கர்ப்பவதிகளைப் பதிந்து வந்தாள். சுகமாயிருப்பவளை அவளே கவனிப்பாள். இரத்த அழுத்தம் ஏறியவளையும், முன்னர் சத்திரசிகிச்சையாற் பிள்ளை பெற்றவளையும் நிபுணர் உள்ள இடத்துக்கு அனுப்பச் செய்வாள். 1930களில், ஓரிலட்சம் பிறப்புகளுக்கு ஏறக்குறைய 2000 தாய்மார் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 50க்கும் குறைவு. மலேரியா ஒழிப்புக்கும் பெண் கல்விக்கும் இதிற் பங்குண்டு. எனினும் மருத்துவமாதின் பங்கை எவரும் மறுக்கார்.

அனுப்பப்பட்டவள் வெறுங்கையுடன் போவதில்லை. அவளது கையிலுள்ள அட்டையில் நிறையும் அழுத்தமும் முந்திய பேறுகளும் எழுதப்பட்டிருக்கும். நிபுணர் அதைப் பார்த்துத் தொடங்குவார். பேற்றின் பின் அவள் அதே மருத்துவமாதிடம் திரும்புவாள்.

நீரிழிவுக்காரருக்கோ பெரும்பாலும் போகும் வழி மட்டுமே உண்டு, திரும்பும் வழி இல்லை. சீனி கட்டுப்பட்ட பின்னரும் அவர் நகரத்துக்கே வருகிறார். “இன்ன மாத்திரை, இன்ன அளவு, மூன்று மாதம் ஊரிற் பெறுக, காலிற் புண் கண்டால் உடனே இங்கு வருக” என்று நான்கு வரி எழுதி அனுப்பினால், அவரது இடம் அந்த வரிசையில் மற்றொருவருக்குக் கிடைக்கும். அவர் திரும்பிச் செல்லும் ஊர் வைத்தியசாலையில் அந்த மாத்திரை இருக்கவும் வேண்டும்.