வாயில்லா உயிர்க்கும் மருந்து தானம்



உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி எனத் தானத்தை நால்வகையாக நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் மருந்து தானம் மனிதர்க்கு மட்டும் உரியதன்று. இதை நான் காலம் கடந்தே உணர்ந்தேன்.

பணி ஓய்வுக்குப் பின் நான் வாழும் சூலக்கரை இல்லத்திற்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. தடுப்பூசிக்குச் சில நூறு ரூபாய் ஆகும் என்றனர். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் பார்வோ நோய் தொற்றியது. வாந்தியும் குருதிக் கழிச்சலும் கண்டு, தனியார் கால்நடை மருத்துவமனை ஒன்றிற்கு எடுத்துச் சென்றோம். ஐந்து நாள் சிகிச்சைக்கு ஒன்பதாயிரம் ரூபாய் ஆயிற்று. குட்டி பிழைத்தது.

அங்கே எங்களுக்கு முன் பட்டாசு ஆலைத் தொழிலாளி ஒருவர், அதே நோயுற்ற குட்டியுடன் காத்திருந்தார். கட்டணத்தைக் கேட்டதும், குட்டியைத் துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியேறினார். அன்று என் பையில் பணம் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

மருத்துவரைக் கடிந்து பயனில்லை. அந்நோய்க் கிருமியை அழிக்கும் தனி மருந்து வழக்கில் இல்லை. நாள்தோறும் நரம்புவழி நீர்மம் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடல் தேறும்வரை காக்க வேண்டும். குருதிச் சோதனைக்கும் மருந்துக்கும் தனிச் செலவு. மனிதர் நோயுற்றால் அரசு காப்பீடு தோள் கொடுக்கிறது. வளர்ப்பு உயிர் நோயுற்றாலோ, முழுச் சுமையும் ஒரே குடும்பத்தின்மேல் விழுகிறது. தாங்க இயலாதவர் வளர்த்த உயிரையே தெருவில் விடுகின்றனர்.

சுமையைப் பகிரும் வழியை நம் சமயத்தார் முன்பே கண்டனர். தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பரர் கோயில் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இயங்குகிறது. பட்டத்து நூல் அறுத்த சிறகுக்கும் மின்விசிறியில் அடிபட்ட புறாவுக்கும் அங்கே கட்டணமின்றி மருத்துவம் செய்கின்றனர். சென்னை அயனாவரத்தில் 1906 ஆம் ஆண்டு தோன்றிய பிஞ்சராப்போல் இன்றும் ஆதரவற்ற மாடுகளைப் பேணுகிறது.

நாமும் மூன்று செயல்களை மேற்கொள்வோம். முதலாவது, குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்திலேயே தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் குறிக்கும் நாள்களில் தவறாது தொடர்வோம். இரண்டாவது, அரசு கால்நடை மருந்தகத்தை முதலில் நாடுவோம். உலக விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6 ஐ ஒட்டி நடைபெறும் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களுக்கு அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்வோம். மூன்றாவது, திருவிழாச் செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, வாயில்லா உயிர்களுக்கான மருத்துவ நிதி ஒன்றை இவ்வறக்கட்டளை தொடங்கட்டும். அதற்கு முதல் தொகையாக ஒன்பதாயிரம் ரூபாயை இன்று நான் அளிக்கிறேன்.

துண்டில் சுற்றிய குட்டியுடன் இனி எவரும் அவ்வாசலிலிருந்து திரும்பலாகாது.