லயத்து வாசலில் குழிவிரியன்

இலங்கையில் நச்சுப்பாம்பு கடித்து வைத்தியசாலைக்கு வருவோரில் மிகப் பலரைக் கடித்தது நாகமும் அல்ல, கண்ணாடி விரியனும் அல்ல. ஒரு முழ நீளம் இருக்கும் குழிவிரியன்தான். சிங்களத்தில் அதற்குக் குணகட்டுவா என்று பெயர். காய்ந்த இலை நிறம், முக்கோணத் தலை, மேல்நோக்கி வளைந்த மூக்கு நுனி. ஆள் வந்தால் நாகம் படமெடுத்துச் சீறும், சாரை ஓடிவிடும். குழிவிரியன் இரண்டையும் செய்வதில்லை. சுருண்ட இடத்திலேயே கிடக்கும். கால் பட்டால்தான் அது இருந்ததே தெரியும்.

சப்ரகமுவவில், இரத்தினபுரிக்கு அருகே பெல்மதுளையைச் சுற்றியுள்ள மண் இந்தப் பாம்புக்கென்றே அமைந்தது போன்றது. ஆண்டு முழுவதும் ஈரம். தேயிலை மலை, அதை ஒட்டி இறப்பர், பள்ளத்தில் வயல், நடுவே மூடாமல் விட்ட மாணிக்கக் குழிகள். கவ்வாத்து முடிந்த மலையில் சருகு கணுக்கால் உயரம் கிடக்கும். விடியுமுன் இறப்பர் மரத்தடிக்குப் போகும் பால்வெட்டுத் தொழிலாளியும், கான் வெட்டுகிறவரும், தேயிலைத் தூரில் கைவிட்டுப் புல் பிடுங்கும் பெண்ணும் இந்தச் சருகில்தான் கையையும் காலையும் வைக்கிறார்கள். குளவி கொட்டினால் தோட்டமே பேசும், செய்தித்தாளிலும் வரும். குழிவிரியன் கடித்தால் “சின்னப் பாம்புதான்” என்று மஞ்சள் பூசி விட்டுவிடுவதும் உண்டு.

அந்தச் சின்னப் பாம்பின் கடியில் பெரும்பாலும் வீக்கமும் வலியும் கொப்புளமும் வரும், சில நாளில் வடியும். ஆனால் சிலருக்கு இரத்தம் உறையாமல் போகிறது. சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகி, உயிரும் போகிறது. யாருக்கு எது வரும் என்று கடிவாயைப் பார்த்துச் சொல்ல இயலாது. இந்த இனத்தில் மூன்று வகை இலங்கையில் உண்டு என்று 2009இல் வெளியான வகைப்பாட்டு ஆய்வு காட்டியது. அவற்றில் இரண்டு இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

நாடளாவிய கணக்கும் ஒன்று இருக்கிறது. வீடுவீடாகச் சென்று எடுத்த கணிப்பின் முடிவு 2016இல் வெளியானது. ஓராண்டில் ஏறக்குறைய 80,000 பாம்புக்கடிகள், அவற்றில் 30,000 பேருக்கு நஞ்சேறல், 400 மரணங்கள். வைத்தியசாலைப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் இத்தனை தெரிந்திராது. கடிபட்ட எல்லாரும் வைத்தியசாலைக்கு வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வயலிலும் தோட்டத்திலும் கூலிக்கு உழைப்பவரின் நோய் என்பதால்தான் அது அவ்வளவு காலம் பட்டியலுக்கு வெளியே கிடந்தது என்றால் தவறாகாது.

மாற்று மருந்து இருக்கிறதே, பிறகென்ன அச்சம் என்று கேட்கலாம். இலங்கை வைத்தியசாலைகளில் ஏற்றப்படும் மருந்து இந்தியாவில் செய்யப்படுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைக்கிறார்கள். அந்த நஞ்சின் பெரும்பகுதி வருவது சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியிலிருந்து. பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோலுக்காகப் பாம்பு பிடித்துக் கொன்று வாழ்ந்த இருளர் பழங்குடியினர், தோல் வணிகத்துக்குத் தடை வந்தபின் நஞ்சை மட்டும் கறந்துவிட்டுப் பாம்பைக் காட்டிலேயே விடும் தொழிலுக்கு மாறினார்கள். அம்மக்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர். சப்ரகமுவவில் ஒரு தொழிலாளியின் உயிர் மீளும்போது அதில் ஓர் இருளரின் கையும் இருக்கிறது என்பது இங்கே பலர் அறியாத செய்தி.

ஆனால் அந்த நான்கில் குழிவிரியன் இல்லை. அதன் கடிக்கு அந்த மருந்து உதவாது. ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் வாழும் இலங்கைக் கட்டுவிரியனும், தேயிலைச் செடியில் இலையோடு இலையாகக் கிடக்கும் பச்சை விரியனும் அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே, குழிவிரியனையும் சேர்த்து, பேராதனைப் பல்கலைக்கழகமும் கொஸ்டாரிக்காவின் குளொடோமிரோ பிக்காடோ நிறுவனமும் இணைந்து ஒரு மருந்தை உருவாக்கின. 2016இல் அதன் ஆய்வுகூட முடிவுகள் வெளியாயின. அது நாட்டின் வார்டுகளில் வழக்கமான மருந்தாகும் வரை, இந்தத் தோட்டங்களில் கடிபடாமல் இருப்பதே பெரிய வைத்தியம்.

கடிபடாமல் இருப்பது எப்படி? பாம்பு மனிதரைத் தேடி லயத்துக்கு வருவதில்லை. எலியையும் தவளையையும் ஓணானையும் தேடி வருகிறது. இஸ்தோப்பில் சுவரோடு அடுக்கிய விறகு, கோழிக்கூட்டுக்குக் கீழே சிந்திய தீனி, அடைத்துக் கிடக்கும் கான், கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி: இந்த நான்கும் இருக்கும் வீட்டில் பாம்பு வராமல் இருந்தால்தான் வியப்பு. விறகைச் சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்கினால் பாதி வேலை முடிந்தது. உள்ளிப்பூண்டும் கந்தகத் தூளும் பாம்பைத் தடுத்ததாகச் சோதனை எதிலும் தெரியவில்லை; அந்தக் காசுக்கு ஒரு டோர்ச் பற்றரி வாங்கலாம். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த வலிகூடப் பல நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமை தாழ்ந்து கண் திறக்க முடியாமை என்று வந்தால் அதுதான் அடையாளம். கட்டில் இல்லாத வீட்டில், விளிம்பைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிய கொசுவலை நல்ல காவல். இடநெருக்கடி மிகுந்த லயக் காம்பராவில் எல்லாரையும் கட்டிலில் ஏற்றச் சொல்வது சொல்பவருக்கு மட்டும் எளிது.

இத்தனைக்குப் பிறகும் பாம்பு உள்ளே வந்துவிட்டால்? முதல் வேலை, பிள்ளைகளையும் நாயையும் வெளியே அனுப்புவது. இரண்டாவது, ஒருவர் எட்ட நின்று அதன்மேல் கண் வைத்திருப்பது. எட்ட என்றால் இரண்டு மீற்றராவது. கண்ணை எடுத்தால் பாம்பு அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விடும். அதன்பின் அந்த வீட்டில் எவரும் உறங்க முடியாது. வெளிவாசலைத் திறந்து, உள்ளறைக் கதவின் அடியில் துணியை அடைத்தால் பல பாம்புகள் தாமாகவே போய்விடும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கம்பால் அடிப்பதும் அமைதியாகக் கிடந்ததைக் கடிக்க வைக்கும் வேலைகள். வெட்டிப்போட்ட தலையும் கொஞ்ச நேரம் கடிக்கும்.

பிடிப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. அந்த முறையில் வீரம் ஏதும் இல்லை. நாகமானால், நான்கங்குலப் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையில் நீளமான துணிப்பையைக் கட்டி, திறந்த முனையைச் சுவரோரம் பாம்புக்கு முன்னே வைப்பார். பின்னாலிருந்து கொக்கியால் வாலருகே மெல்லத் தொடுவார். மறைவிடம் தேடும் பாம்பு இருண்ட துவாரத்தை வளை என்று எண்ணித் தானே நுழையும். குழாயை நிமிர்த்திப் பையின் வாயை முறுக்கிக் கட்டுவதோடு முடிந்தது. கழுத்தைப் பிடிக்கும் தேவையே எழுவதில்லை. குழிவிரியனானால் இன்னும் எளிது. நீளக் கம்பின் நுனியில் மாட்டிய வாளியை அதன்மேல் கவிழ்த்து, மேலே கல்லொன்றை வைத்து, பயிற்சி பெற்றவர் வரும்வரை வீட்டாரே காத்திருக்கலாம். சுருண்டு கிடக்கும் அதன் சுபாவமே இங்கே உதவுகிறது.

கையால் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டுவதன் விலையைக் கேரளம் கண்டது. பல்லாயிரம் பாம்புகளைப் பிடித்துப் புகழ்பெற்ற வாவா சுரேஷ், 2022 ஜனவரியில் கோட்டயம் மாவட்டம் குறிச்சியில் நாகத்தைச் சாக்கில் இடும்போது தொடையில் கடிபட்டு, செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பிழைத்தார். கேரள வனத்துறை 2020 முதலே பயிற்சி பெற்று அனுமதி பெற்றவர்கள் மட்டுமே பாம்பு பிடிக்கலாம் என்று விதித்து, அவர்களை அழைக்க ‘சர்ப்பா’ என்ற கைப்பேசிச் செயலியையும் கொண்டுவந்தது. கோவில் நாகத்துக்குப் பால் வைக்கும் ஊர்களுக்கு இப்படியொரு ஏற்பாடு பாலைவிடப் பயனுள்ளது. பிடித்த பாம்பை அன்றே, பக்கத்துப் பற்றையில், குடியிருப்பு இல்லாத இடத்தில் விடவேண்டும். தொலைதூரக் காட்டில் விடுவது கருணை போலத் தோன்றினாலும், இரையும் மறைவும் எங்கே என்று தெரியாத பாம்பு பல நேரம் அங்கே அலைந்து மடிகிறது.

கடிபட்டுவிட்டால் செய்யவேண்டியவை குறைவு, செய்யக்கூடாதவை அதிகம். கயிற்றால் இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது எல்லாம் புண்ணையும் தாமதத்தையும்தான் தரும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நோயாளியை நடக்கவிடாமல் கொண்டுபோக வேண்டும். பாம்பைக் கொன்று எடுத்துப்போக வேண்டியதில்லை. எட்ட நின்று எடுத்த படம் இருந்தால் போதும். மாற்று மருந்தே பலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கிளப்பும். ஏற்றுமுன் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் அது குறைகிறது என்பதை, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2011இல் வெளியான இலங்கை ஆய்வு நிறுவியது. ஆகவே அந்தச் சிகிச்சைக்கு உரிய இடம் வைத்தியசாலை ஒன்றுதான். கடித்தது குழிவிரியன் என்று தெரிந்தாலும் போகத்தான் வேண்டும். இரத்தம் உறைகிறதா, சிறுநீர் இறங்குகிறதா என்று பார்க்க அங்கேதான் முடியும்.

பெல்மதுளையிலிருந்து இரத்தினபுரி போதனா வைத்தியசாலை சுமார் 20 கிலோமீற்றர். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது எல்லா மாகாணங்களிலும் ஓடுகிறது, கட்டணம் இல்லை. எண் 1990. அழைப்பவர் தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் லயத்தையும், வாகனம் எந்தச் சந்தி வரை ஏறும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் கிராம சேவகரும் சேர்ந்து, டிவிஷனுக்கு ஒருவரையாவது பயிற்சிக்கு அனுப்பி, ஒரு கொக்கி, ஒரு குழாய், இரண்டு துணிப்பை, ஒரு டோர்ச் ஆகியவற்றைப் பிள்ளை மடுவத்தில் பூட்டாமல் வைக்கட்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு நாள் கொழுந்தின் விலைகூட இல்லை.