பிள்ளைகளின் இயல்பை அறிதல்

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் இளம்பிள்ளையில் விசைத்தறி ஓசை கேளாத தெரு எது? ஒரே வீட்டில் பிறந்த இரு குழந்தைகளுள் ஒன்று அந்தச் சத்தத்திலேயே கண்ணயர்ந்துவிடுகிறது. மற்றொன்று தறியை நிறுத்தும் வரை அழுகிறது. தாயும் ஒருவரே, தொட்டிலும் ஒன்றே. பின் எங்கிருந்து வந்தது இவ்வேறுபாடு?

1956ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர் இவ்வினாவை ஆராயத் தொடங்கினர். 133 பேரைக் கைக்குழந்தைப் பருவம் தொட்டு வாலிபம் வரை தொடர்ந்து கவனித்தனர். துறுதுறுப்பு, பசி உறக்கத்தின் ஒழுங்கு, புதியவரை நெருங்கும் விதம் என 9 இயல்புகளைக் குறித்தனர். ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் எளிதில் இணங்குவோர். 10 விழுக்காட்டினர் வளர்ப்பதற்குக் கடினமானோர். 15 விழுக்காட்டினர் மெல்லப் பழகுவோர். எஞ்சியோர் எவ்வகையிலும் அடங்காதவர். சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர் சவிதா மல்ஹோத்ரா இம்முறையைத் தழுவி, நம் நாட்டுப் பெற்றோருக்கான வினாத்தாளை உருவாக்கினார்.

கடினமான இயல்புடைய பிள்ளைகளுள் பலருக்கு நடத்தைச் சிக்கல் வந்தது மெய். ஆயினும் எல்லோருக்கும் வரவில்லை. பிள்ளையின் இயல்புக்கும் பெற்றோரின் எதிர்பார்ப்புக்கும் பொருத்தம் இல்லாத இடத்திலேயே தொல்லை பிறந்தது. அதே நகரில் வாழ்ந்த போர்ட்டோ ரிக்கோ தொழிலாளர் குடும்பங்களில், நேரந்தவறி உறங்கும் குழந்தையை எவரும் குறையாகக் கருதவில்லை. பள்ளியில் சேர்த்து, காலையில் எழுப்ப வேண்டி வந்தபோதுதான் அது தொல்லையாயிற்று. இரவு ஷிப்டு ஓட்டும் நம் வீடுகளுக்கு இது புதிதன்று.

இங்கே நம் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்பு நாம் மதரஸாவில் ஓதிக்கொடுத்த காலத்தில் ஒரு சிறுவன் ஒரு மாதமாக வாய்திறக்கவில்லை. "மந்தம்" என்று அவன் தந்தையிடம் சொல்லிவிட்டோம். அவரும் அதனை நம்பி, அண்ணனைக் காட்டிக் காட்டி அவனைக் கடிந்துகொண்டார். அச்சிறுவனோ, அன்றாடம் கேட்ட பாடம் முழுவதையும் வீட்டில் தன் தங்கைக்கு ஓதிக்காட்டி வந்திருக்கிறான்! அவன் தாயார் சொல்லித்தான் அறிந்தோம். மெல்லப் பழகும் பிள்ளை அவன், பொறுமையில்லாதவர் நாமே. சொன்ன சொல்லைத் திரும்பப் பெற அவர்கள் வீட்டுக்கு இருமுறை சென்றோம். தந்தை ஏற்றுக்கொண்டார். பையன் அன்றும் நம்மிடம் பேசவில்லை.

இயல்பு என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடலாகாது. கல்லெறிபவனைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் துறுதுறுப்பானவனை மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அமர்த்திவிட்டு, அடங்கவில்லை என்று அடிப்பது என்ன நியாயம்?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும். கூச்சமுள்ள பிள்ளைகளை அதற்கு முன்பே இருமுறையேனும் அழைத்துச் சென்று, வகுப்பறையைக் காட்டி வாருங்கள்.