டிராக்டர் பிளைவீலை முடுக்கும் முறை

(விவசாய இயந்திரப் பராமரிப்புப் பயிற்சியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழவுக் காலத்தில் டிராக்டர் நின்றுபோனால் நிலத்தின் ஈரம் நமக்காகக் காத்திராது. ஆகவே, கிளட்ச் தேய்ந்துவிட்டால் டிராக்டரை இரண்டாகப் பிரித்து, விரைவில் வேலையை முடிக்க முயல்கிறோம். அந்த அவசரத்தில் நாம் அசட்டை செய்துவிடும் ஒரு காரியத்தைப் பற்றியே இன்று கூற விரும்புகிறேன்.

கிராங்குத் தண்டின் பின்முனையில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் சில போல்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றி மாட்டும்போது ஒரு தொல்லை ஏற்படும். போல்டை முடுக்கினால் சக்கரமும் தண்டும் சேர்ந்தே சுழலும். நம் கைப்பலம் சுழற்சியில் வீணாகுமேயன்றிப் போல்டு இறுகாது.

கியரில் போட்டு நிறுத்தலாமே என்று சிலர் கேட்கக்கூடும். கியர்ப்பெட்டி தனியே பிரிந்திருக்கும்போது அது இன்ஜினை எவ்வாறு பிடிக்கும்? வேறு சிலர் சக்கர விளிம்பிலுள்ள பற்களுக்கிடையே திருப்புளியைச் செருகுவர். அது நழுவினால் கையில் காயம்படும். பல் உடைந்தால் ஸ்டார்ட்டர் கவ்வாது.

இதற்கு எளிய வழி உண்டு. தடித்த இரும்புப் பட்டை ஒன்றின் இரு முனைகளிலும் துளையிடச் செய்யுங்கள். ஒரு முனையைக் கிளட்ச் மூடியைப் பொருத்தும் துளையில், சக்கரத்துடன் சேர்த்து முடுக்குங்கள். மறு முனையை இன்ஜினின் பின்புறத்திலுள்ள போல்டுத் துளையில் பொருத்துங்கள். இரு முனைகளும் பிணைக்கப்பட்டிருப்பதால், கழற்றும்போதும் முடுக்கும்போதும் சக்கரம் அசையாது. நம் ஊர்க் கொல்லரே இதைச் செய்து தருவார்.

வேலையைத் தொடங்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சக்கரம் பழைய நிலையிலேயே திரும்பப் பொருந்துமாறு முன்னதாகவே அடையாளமிடுங்கள். மரைகளையும், சக்கரமும் தண்டும் சேரும் முகங்களையும் சுத்தமாகத் துடையுங்கள். முதலில் எல்லாப் போல்டுகளையும் கையால் திருகி, பின்பு எதிரெதிராக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று தடவைகளில் சிறிது சிறிதாக இறுக்குங்கள். இறுதி முடுக்கத்தைக் கைக்குறிப்பால் தீர்மானிக்காமல், டார்க் ரெஞ்சினால், தயாரிப்பாளர் புத்தகத்தில் கண்ட அளவுக்குச் செய்யுங்கள். புதிய போல்டுகளே வேண்டுமென்று அதில் கூறியிருந்தால், பழையவற்றை மீண்டும் போடலாகாது. முடிந்ததும் பட்டையைக் கழற்ற மறவாதீர்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு? 35 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரம் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். இறுகாத போல்டு மெல்லத் தளரும், பின்னர் முறியும். அச்சக்கரம் தெறித்தால், இருக்கையில் அமர்ந்திருப்பவர் உங்கள் மகனாகவோ தம்பியாகவோ இருக்கலாம்.

ஆகவே, ஊரார் கூட்டாக வாங்கிப் பயன்படுத்தும் டிராக்டர் எங்கிருந்தாலும், அதன் கருவிப் பெட்டியில் இத்தகைய பட்டை ஒன்றும், டார்க் ரெஞ்சு ஒன்றும், தயாரிப்பாளர் புத்தகமும் இருக்கும்படி பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். இதற்காகும் செலவு, ஓர் உயிரின் முன் ஒரு பொருட்டன்று.