கலக்கி நின்னா என்ன ஆகும்?

வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டுல சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிற நேயர்களுக்கு பெயிண்ட் தின்னரோட பழ வாசனை பழகியிருக்கும். பல தின்னர்கள்ல அது பியூட்டைல் அசிட்டேட், ஒரு எஸ்டர். அதை ஆசிட் போட்டுச் செய்வாங்க. இன்னிக்கு வேற வழி.

மல்லிகை வாசனையில முக்கியமானது பென்சைல் அசிட்டேட். பென்சைல் குளோரைடையும் சோடியம் அசிட்டேட்டையும் சேர்த்தா கிடைக்கும். ஆனா முதலாவது தண்ணியில கரையாது, ரெண்டாவது எண்ணெய்ப் பக்கம் போகாது. ஒரே பாத்திரத்துல இருந்தும் சந்திக்கவே மாட்டாங்க. நடுவுல குவாட்டர்னரி அம்மோனியம் உப்பு கொஞ்சம் போட்டா, அது அசிட்டேட்டை ஏத்திக்கிட்டு எண்ணெய்ப் பக்கம் இறக்கிட்டு, குளோரைடோட திரும்பி வரும். ரெண்டு பக்கமும் சவாரி உள்ள ஷேர் ஆட்டோ. 1971-ல சார்லஸ் ஸ்டார்க்ஸ் வெளியிட்ட கட்டுரைக்கு அப்புறம் ‘ஃபேஸ் டிரான்ஸ்ஃபர் கேட்டலிசிஸ்’ங்கிற பேரு பரவுச்சு. நம்ம காஞ்சிபுரம் பச்சையப்பன் ஆடவர் கல்லூரியில இருந்து வேணுகோபால் ராஜேந்திரன், தைவானோட மா-லிங் வாங் கூடச் சேர்ந்து இந்த வகை வினைகளோட வேகத்தை அளந்து நிறைய எழுதியிருக்கார். அல்ட்ராசவுண்ட் வெச்சும் பண்ணியிருக்காங்க!

வேகத்தை எப்படி அளக்கிறது? அசிட்டேட்டைத் தாராளமா போட்டுட்டு, அப்பப்போ சாம்பிள் எடுத்து, மிச்சம் இருக்கிற பென்சைல் குளோரைடைப் பார்க்கணும். அதோட லாகரிதம் நேரத்துக்கு எதிரா நேர்கோடா இறங்கினா, சரிவுதான் வேக மாறிலி. அடுத்து கலக்கியோட வேகத்தைக் கூட்டணும். மாறிலியும் ஏறிக்கிட்டே போனா, பாட்டில்நெக் கலக்குறதுலதான். ஒரு கட்டத்துக்கு மேல ஏறாம நின்னுட்டா, எண்ணெய்ப் பக்கம் நடக்கிற வினைதான் மெதுவானது. எனக்கு இந்தச் சோதனைதான் மொத்தத்துலயும் பிடிச்சது. ரொம்ப எளிமை, ஆனா நிறைய சொல்லிடும்.

ஏன் முக்கியம்னா, குடுவையில நல்லா கலங்கினது ஆயிரக்கணக்கான லிட்டர் ரியாக்டர்ல அப்படியே கலங்காது. இன்னும் மோசமானது, கலக்கி நின்னுபோறது. ரெண்டு அடுக்கும் பிரிஞ்சிடும், வினை கிட்டத்தட்ட நின்னுடும். ஆனா மேல இருந்து பென்சைல் குளோரைடு விழுந்துக்கிட்டே இருக்கும். யாரோ வந்து சுவிட்சைப் போட்டா, சேர்ந்து கிடந்தது மொத்தமும் ஒரே நேரத்துல வினைபுரியும். அந்தச் சூட்டைக் குளிர்நீர் தாங்காம போகலாம்.

அதனாலதான் கலக்கி நின்னா ஃபீட் வால்வு தானா மூடுற இன்டர்லாக் வைப்பாங்க. பிளான்ட்ல சேரப்போற நேயர்களே, உங்க ரியாக்டர்ல அது வேலை செய்யுதான்னு முதல் வாரமே கேளுங்க. மூடினதுக்கு அப்புறம், உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்குன்னு தெரியாம கலக்கியைத் திரும்பப் போடாதீங்க.